எறும்பின் மேல் போட்ட பழி

மத்திகிரியில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் ஆறாம் வகுப்பு. ஆங்கில டீச்சர் பத்து வினைச்சொற்களைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதிவரச் சொல்லியிருந்தார். ஒன்பதை எப்படியோ ஒப்பேற்றிவிட்டேன். பத்தாவது 'தியரைஸ்'. காலை ஷிப்ட் முடித்து வந்த அப்பாவிடம் நோட்டை நீட்டினேன்.

அப்பாவுக்குக் கம்பெனியில் குவாலிட்டி வேலை. ஒரு பாகம் பழுதாக வந்தால் ஐந்து முறை 'ஏன்' கேட்டு போர்டில் எழுதுவார்களாம். ஐந்தாவதில் காரணம் மாட்டிக்கொள்ளுமாம்.

"நடந்தத நாம பாக்கல பாப்பா. கெடச்ச தடயத்த வச்சி, இதுதான் காரணமா இருக்கும்னு சொல்றோம். அதான் தியரைஸ். தெரிஞ்சதையே சொன்னா அது தியரைஸ் ஆவாது" என்றார்.

உதாரணத்துக்கு விஷயம் தேடியவருக்கு, அம்மா அடுப்படியிலிருந்தே ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். மேல் அலமாரியில் இருக்கும் பால் பவுடர் ஒரே வாரத்தில் காலியாகிறதாம். அம்மா மாடிக்குத் துணி காயப்போடப் போகும்போதெல்லாம் ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்பூன் ஸ்பூனாக வாயில் கொட்டிக்கொண்டது நான்தான். மாட்டினால் அம்மாவின் கரண்டிக் காம்பு காத்திருந்தது.

அப்பா அலமாரி டப்பாவை எடுத்துப் பார்த்துவிட்டு, காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதிக்கொண்டே போனார். ஏன் குறைகிறது? மூடி சரியாக மூடவில்லை. ஏன்? திறந்தவருக்கு அவசரம். ஏன்? நிற்கிற இடம் ஆடுகிறது. ஏன் ஆடுகிறது? எழுந்துபோய் ஸ்டூலை அசைத்துப் பார்த்தார். ஒரு கால் விரிசல் விட்டிருந்தது. பலகை மேல் வெள்ளையாகத் தூள்.

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன். ஐந்தாவது 'ஏன்' எழுதாமலே தாளை மடித்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எறும்புன்னு தியரைஸ் பண்றேன்" என்று அம்மாவுக்குக் கேட்கும்படி சொன்னார்.

அன்றே ஸ்டூலைக் கழித்துக்கட்டினார். மேலே வைத்தால் எறும்பு ஏறுகிறது என்று டப்பாவைக் கீழ்த்தட்டுக்கு மாற்றினார்.

பால் பவுடரை எறும்புகள் தின்றதாக என் அப்பா தியரைஸ் செய்தார் என்று ஆங்கிலத்தில் எழுதி முடித்தேன். டீச்சர் பெரிய டிக் போட்டார். எனக்கோ அப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. கீழே வைத்தால் எறும்புக்கு இன்னும் சௌகரியம் என்பதுகூடத் தெரியாதவரை எப்படித்தான் வேலையில் வைத்திருக்கிறார்களோ என்று யோசித்தபடி, கைக்கு எட்டிய டப்பாவைத் திறந்தேன்.

டீச்சர் டிக் போட்ட அந்த வாக்கியம் தப்பு என்று புரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று. அன்று அப்பா தியரைஸ் செய்யவே இல்லை.