மயிலாப்பூரில் ஒரு ஜகா

நல்ல படம் ஏதாவது சொல்லேன் என்று யார் கேட்டாலும் நான் ஒரே படத்தைத்தான் சொல்கிறேன். சைதாப்பேட்டையில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், ஆண்டு விழாவில் தனியாக ஆடப்போவதாகத் தெரு முழுக்கப் பீலா விட்டுவிடுகிறாள். அவளுக்கு ஆடவே தெரியாது. அவ்வளவுதான் கதை. வயிறு வலிக்கச் சிரிக்கலாம், கடைசியில் கொஞ்சம் அழவும் வேண்டியிருக்கும். ஆனால் எனக்கு அந்தப் படம் பிடித்துப்போனதற்குக் காரணம் வேறு.

நானும் சைதாப்பேட்டைக்காரன், ஆற்றோரம் வளர்ந்தவன். மனைவி மயிலாப்பூர், குளத்துக்குப் பக்கத்துத் தெரு. எங்கள் கல்யாணத்துக்கு அவள் அப்பா வந்தார், போட்டோவுக்குச் சிரித்தபடி நின்றார். அதன்பிறகு ஒரு வருஷமாக என்னிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. "அவருக்குக் காபி வேணுமான்னு கேளு" என்பார் மகளிடம். நான் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பேன். என் மனைவி நடுவில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வேலை பார்த்தாள். வெளியே கிண்டலடித்தாலும் உள்ளுக்குள் எனக்கு வலித்தது. ஒரே ஒரு தடவை மாப்பிள்ளை என்று கூப்பிட்டால் போதும் என்றிருந்தது. நானும் அவரை சார் என்றுதான் சொல்லிவந்தேன். மாமா என்று சொல்ல வாய் வரவில்லை. எங்கள் பக்கம் மாமா என்றால் போலீஸ்காரர்.

ஒரு ஞாயிறு மத்தியானம் மயிலாப்பூர் வீட்டில் மாமியார் நல்ல படமாகப் போடச் சொன்னார். தயங்கித் தயங்கித்தான் இதைப் போட்டேன். படம் முழுக்க எங்கள் பாஷை. "இன்னாடி, எங்க கீற?" என்று டிவி கத்தியதும் மாமனார் பேப்பரைத் தாழ்த்தினார். மடிக்கவில்லை, தாழ்த்தினார்.

விழா அன்று அந்தப் பெண் மேடைக்குப் பின்னாலிருந்து ஓடிவிடுகிறாள். தோழி அலறுகிறாள்: "டீச்சர், அவ ஜகா வாங்கிட்டா டீச்சர்!"

"என்னவாம்?" என்றார் மாமியார்.

மாமனார் சின்ன வயதில் ஹிந்தி பரீட்சைகளெல்லாம் எழுதித் தேறியவர். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஜகான்னா இடம். ஏதோ கிரவுண்டு வாங்கியிருக்கா."

"ஒன்பதாங்கிளாஸ் பொண்ணா?"

"அப்பா பேர்ல வாங்கியிருப்பா."

எவ்வளவோ அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. வெடித்துச் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. போச்சு, இனி காபியும் கிடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

"அவர் எதுக்குச் சிரிக்கறார்னு கேளு" என்றார் மகளிடம்.

"நீங்களே கேளுங்கோப்பா" என்று அவள் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டாள். கெட்டிக்காரி.

மாமனார் டிவியைப் பார்த்தபடியே, "பின்ன என்ன அர்த்தமாம்?" என்றார்.

"சொன்ன சொல்லுலேர்ந்து பின்வாங்கிட்டான்னு அர்த்தம் சார்."

"ஓ" என்றார். ஒரு நிமிஷம் கழித்து, "டபாய்க்கறதுன்னா?" சொன்னேன். "பேஜார்?" அதையும் சொன்னேன். அடுத்த ஒரு மணி நேரம் நான்தான் அவருக்கு அகராதி. பேப்பர் எப்போது கீழே விழுந்தது என்று அவருக்கே தெரியாது.

படத்தின் கடைசியில், மகள் ஓடிப்போன மேடையில் ஆட்டோ ஓட்டும் அப்பா காக்கிச் சட்டையோடு ஏறி, தனக்குத் தெரிந்தபடி ஆடுவார். கூட்டம் கைகொட்டிச் சிரிக்கும். மகள் அழுதுகொண்டே ஓடிவந்து அவர் பக்கத்தில் நின்று ஆடுவாள். மாமனார் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

படம் முடிந்தது. வழக்கம்போல, டிபனுக்கு முன்பே கிளம்பிவிடலாம் என்று வாசல் ஆணியிலிருந்து பைக் சாவியை எடுத்தேன். அந்த வீட்டில் அவருக்கு எதிரே உட்கார்ந்து பேச்சில்லாமல் சாப்பிடுவது எனக்கு எப்போதுமே கஷ்டம்.

"என்ன மாப்ளே, டிபன் சாப்பிடாம ஜகா வாங்கறேளா?"

மாமியார் சிரித்தார். அடுக்களையிலிருந்து என் மனைவி சிரிப்பதும் கேட்டது.

"இல்ல மாமா" என்று சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினேன்.