உலக்கை விழும்வரை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி எழுதுவேன், கோவையாக எழுத வராது. முன்னால் சொல்ல வேண்டியது பின்னால் வந்துவிடும், பெயர் மறந்துபோகும். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேருக்கு முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் நான். தாள் நம் முகத்தைப் பார்க்காது என்கிற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

கனடாவில் மகன் வீட்டில் இருக்கிறேன். பனி உருகி முடிந்து, புல் இன்னும் பழுப்பாகவே கிடந்த ஒரு நாளில் பேரப்பிள்ளைகள் அட்டையில் செய்த கறுப்புக் கண்ணாடி ஒன்றை என் கையில் திணித்தார்கள். கடையில் இனாமாகக் கொடுத்தார்களாம். சூரிய கிரகணம், பள்ளிக்கூடம் லீவு, எல்லோரும் வெளியே வந்து பார்க்க வேண்டும் என்றார்கள். கிரகணம் என்றால் கதவை அடைப்பதைத்தான் நான் கண்டிருக்கிறேன். இங்கே கிரகணத்துக்குக் கதவைத் திறக்கிறார்கள். தெருவெல்லாம் மடக்கு நாற்காலியும் தின்பண்டமுமாக இருந்தது. நாயைக்கூடக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். அதெல்லாம் அவர்கள் வழக்கம் என்று விட்டுவிட்டேன். ஆனால் அடுத்த வீட்டு எமிலி வந்து உட்கார்ந்தாள் பாருங்கள், அதை மட்டும் என்னால் விட முடியவில்லை. அவளுக்கு நிறைமாதம். மேல்கோட்டின் பொத்தானைப் போட முடியாமல் இரண்டு பக்கமும் விரியவிட்டு, வயிற்றை நிமிர்த்திக்கொண்டு வானத்தைப் பார்த்துச் சாய்ந்திருந்தாள்.

நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, உள்ளே வா, உள்ளே வா என்று கையை ஆட்டினேன். நாம் கூப்பிடும்போது உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்துத்தானே ஆட்டுவோம். இவர்கள் ஊரில் அது போய்வருகிறேன் என்பதுபோல ஆகிவிடும் என்று மகன் பிறகு சொன்னான். எமிலியும் சிரித்துக்கொண்டே எனக்குக் கையை ஆட்டினாள். நான் சூரியனைக் காட்டினேன், அவள் வயிற்றைக் காட்டினேன், வேண்டாம் என்று தலையை அசைத்தேன். என்னிடம் கண்ணாடி இல்லையென்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. நாற்காலியின் கையை ஊன்றி, மூச்சு வாங்க எழுந்து, நடந்து வந்து, தன் கண்ணாடியைக் கழற்றி என் முகத்தில் மாட்டிவிட்டாள். ஒன்றும் தெரியவில்லை, ஒரே கறுப்பு. பக்கத்தில் நின்ற அவள் கையை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பொழுது மங்கி இருட்டு விழுந்ததும் தெருவே கை தட்டியது. எனக்கு அந்த இருட்டில் வேறொரு அறை தெரிந்தது.

பந்தல்குடியிலிருந்து திருச்சுழிப் பக்கமாக உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். பருத்தி, மிளகாய், மல்லி விளைகிற கரிசல். மழை பெய்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. எண்பதுகளின் தொடக்கம், மாசி மாதம் என்று ஞாபகம். அப்போது எங்கள் தெருவில் மூன்று பேர் ஒரே சமயத்தில் மாதமாக இருந்தோம். எனக்கு இரண்டாவது. எதிர்வீட்டுச் சோலையம்மாளுக்குத் தலைப்பிரசவம்; தாய் இல்லாத பிள்ளை என்பதால் புகுந்த வீட்டிலேயே இருந்தாள். மூன்றாவது அற்புதம். ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரக் குடும்பம். அவள் புருஷன் சைக்கிள் கடை வைத்திருந்தார். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மண்சுவர்தான்.

சோலைக்குக் கால் வீங்கும், நான் உருவி விடுவேன். எனக்குக் கையைத் தூக்கித் தலை பின்ன முடியாது, அற்புதம் பின்னி விடுவாள். அற்புதத்துக்குச் சோறு இறங்காது, சோலை புளியும் வத்தலும் அரைத்து ஒளித்துக் கொண்டுவந்து ஊட்டுவாள். மத்தியானம் மூவரும் எங்கள் வீட்டில் மல்லி புடைக்க உட்காருவோம். உட்கார்ந்துவிட்டால் ஒருத்தியாலும் தானாக எழுந்திருக்க முடியாது. யாராவது ஒருத்தி சுவரைப் பிடித்து எழுந்து மற்ற இருவரையும் இழுத்துவிட வேண்டும்.

“ஏடி, லோடு லாரி, கையக் குடு” என்பாள் அற்புதம்.

“நான் லாரின்னா நீ என்னடி? டிராக்டரும் டிரெய்லருமா வார” என்பாள் சோலை. இழுக்கிறவளும் சிரிப்பாள், எழுகிறவளும் சிரிப்பாள், பாதியில் பொத்தென்று மறுபடியும் உட்கார்ந்துவிடுவோம்.

கிரகணத்தன்று மத்தியானமே என்னையும் சோலையையும் அவள் வீட்டு உள்ளறையில் விட்டார்கள். மூட்டைகள் அடுக்குகிற அறை; சன்னலில் சாக்கை அடைத்துவிட்டால் வெளிச்சம் வராது. பாம்பு சூரியனை விடும்வரை மாதமாக இருப்பவள் வெளியே வரக்கூடாது, சொறியக்கூடாது, எதையும் நறுக்கக்கூடாது. விட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்ள முற்றத்தில் ஒரு தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதில் உலக்கையை நிறுத்தி வைப்பார்கள். கிரகணம் இருக்கும்வரை உலக்கை தானாக நிற்கும், விட்டதும் விழுந்துவிடும் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை. அன்றைக்கு வீட்டுக்கு வீடு உலக்கை நின்றது. சோலையின் மாமியார் குருவம்மாள்தான் எங்களுக்குக் காவல்.

கதவைச் சாத்தப் போகும்போது அற்புதம் வந்தாள்.

“நானும் உள்ள இருந்துக்கிறேன் பெரியம்மா. ரெண்டும் பயந்து சாவுதுக.”

“வேதக்காரப் புள்ளைக்குத்தான் கிராணம் கெடையாதே. உனக்கு எதுக்கு இந்தப் புழுக்கம்?”

“சூரியனுக்கு நான் வேதக்காரின்னு தெரியுமா? தெரியாமப் பிடிச்சுட்டா?” என்றாள். குருவம்மாள் சிரித்துவிட்டாள். அற்புதம் உள்ளே வந்ததும் நாதாங்கி விழுந்தது.

முதலில் கதைபேசிக்கொண்டுதான் இருந்தோம். கொஞ்ச நேரத்தில் சோலை பேச்சை நிறுத்தினாள். அவள் சேலை நனைந்திருந்ததைக் கையால் தடவித்தான் கண்டுபிடித்தோம். பனிக்குடம் உடைந்துவிட்டது. வலி அலை அலையாக வந்தது. நான் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டேன், அற்புதம் இடுப்பைத் தேய்த்தாள். கதவைத் தட்டிக் கத்தினேன். குருவம்மாள் கதவுக்கு அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து அழுதாள்.

“பொறுத்துக்க தாயி. உலக்கை விழுகட்டும், தெறந்துர்றேன். எம் மக இப்படித்தான் கிராணத்துல வெளிய வந்தா. புள்ள உதடு பிளந்து பொறந்து, பால் குடிக்க முடியாமப் போச்சு. கண்ணால பாத்தவ நான். எம் பேரனுக்கும் அந்தக் கதி வேணாம் தாயி.”

அவளைக் கெட்டவள் என்று நான் சொல்லமாட்டேன். பயந்தவள். எனக்கும் அந்தப் பயம் இருந்தது. கதவு திறந்து வெளிச்சம் பட்டால் என் வயிற்றுப் பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்று ஒரு கையால் வயிற்றை மூடிக்கொண்டுதான் மறு கையால் கதவைத் தட்டினேன்.

சோலை பல்லைக் கடித்தது போய் முனகத் தொடங்கினாள். அற்புதம் அவள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என் காதில், “செல்லக்கா, புள்ள குறுக்கக் கெடக்கு போல. இது நம்மால ஆகாது” என்றாள். அப்புறம் கதவருகே போய், “பெரியம்மா, எனக்கு ஒண்ணுக்கு வருது. என்னைய மட்டும் விடுங்க” என்றாள். வேதக்காரிதானே என்று குருவம்மாள் ஆள் நுழைகிற அளவு கதவைத் திறந்து, அவளை விட்டு, மறுபடி சாத்தினாள். பலகை இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். முற்றத்து வெயில் நோயாளியின் முகம்போல வெளுத்துக் கிடந்தது. நடுவில் தாம்பாளம். அதில் உலக்கை அசையாமல் நின்றது. அற்புதம் இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு நடந்தாள். குருவம்மாள் நாதாங்கியைப் போடுவதற்காக இந்தப் பக்கம் திரும்பியிருந்த நேரம், அற்புதத்தின் கால் தாம்பாளத்தில் பட்டது.

“அய்யய்யோ, உலக்கை விழுந்துருச்சு பெரியம்மா!”

“விட்டுருச்சா? விட்டுருச்சு! தெய்வமே!” என்று குருவம்மாள் கதவை அகலத் திறந்தாள். மருத்துவச்சி வந்தாள், பார்த்தாள், தன்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாள். பிள்ளையின் கை முதலில் வெளியே வந்திருந்தது. வண்டி பூட்டிப் பந்தல்குடிக்குக் கொண்டுபோனார்கள். கிரகணம் முடியட்டும் என்று சாலையோரக் கடையில் நிறுத்தியிருந்த லாரிக்காரரிடம், எங்கள் ஊரில் உலக்கை விழுந்துவிட்டது என்று சொன்னார்களாம். அவர் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தாராம். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்தார்கள். பெண் குழந்தை. இன்னும் தாமதித்திருந்தால் இரண்டும் மிஞ்சியிருக்காது என்று டாக்டரம்மா சொன்னதாகக் கேள்வி.

ஆனால் அந்தக் குழந்தைக்கு வலது கை எழவில்லை. ஊரில் பேச்சு அதைப் பிடித்துக்கொண்டது. தெருவில் மற்ற வீட்டு உலக்கைகளெல்லாம் நின்றுகொண்டிருக்க, குருவம்மாள் வீட்டு உலக்கை மட்டும் எப்படி விழுந்தது? முற்றத்தில் யார் நடந்தது? பொழுது தெளியும் முன்பே சோலையை வெளியே கொண்டுவந்ததால்தான் கை போயிற்று என்று முடிவாகிவிட்டது. அற்புதத்தின் வாசலை மிதிக்காமல் ஆட்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். சோலை மட்டும், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவுடன் நான் பார்க்கப் போனபோது, “கை போனாப் போகுது மதினி. நான் இருக்கேன்ல, தூக்கி வளக்க” என்றாள். அதை உரக்கச் சொல்ல அவளால் முடியவில்லை. அடுப்படியில் குருவம்மாள் இருந்தாள்.

அதற்குப் பின் எனக்கும் பிள்ளை பிறந்தது, இப்போது கனடாவில் என்னை வைத்திருக்கிற மகன்தான். பிள்ளை பெற்றவள் தீட்டுக் கழியும்வரை அறையைவிட்டு நகரக்கூடாது. அப்படி நான் கிடந்தபோது ஒரு காலையில் சுவருக்கு அந்தப் பக்கம் அற்புதத்தின் சத்தம் கேட்டது. அவள் புருஷன் பந்தல்குடிக்கு நர்சம்மாவைக் கூட்டிவரப் போய்விட்டார். மருத்துவச்சி ஊரில் இல்லையென்று சொல்லி அனுப்பிவிட்டாளாம். தெருவில் நடமாட்டம் கேட்கிறது, ஆனால் அவள் வீட்டுக்குள் ஒரு காலடியும் கேட்கவில்லை. “ஏசுவே, ஏசுவே” என்று தனியாகக் கத்துகிறாள். என் மாமியாரிடம், நீங்களாவது போய்ப் பாருங்கள் என்றேன். “பச்சப்புள்ளைய வச்சுக்கிட்டு என்ன பேச்சு பேசுற” என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

காற்றுக் கருப்பு அண்டாமல் இருக்கத் தலைமாட்டில் ஓர் அரிவாள் வைத்திருந்தார்கள். அதை எடுத்து, மரப்பிடியால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினேன். கத்தல் நின்றது. அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு வந்தது. அவ்வளவுதான் என்னால் முடிந்தது. அவள் கத்தும்போதெல்லாம் தட்டினேன், அவளும் தட்டினாள். பிறகு தட்டு நின்றுபோயிற்று. நான் மட்டும் தட்டிக்கொண்டே இருந்தேன், மண் உதிர்ந்து என் பிள்ளையின் தலையில் விழுந்தது. எவ்வளவு நேரமோ தெரியாது. கடைசியில் குழந்தை அழுத சத்தம் கேட்டது. அதற்கும் கொஞ்சம் கழித்து, மெதுவாக, இரண்டு தட்டு.

நான் அறையைவிட்டு வெளியே வந்தபோது அவர்கள் வீட்டில் பூட்டுத் தொங்கியது. பாலவனத்தம் பக்கம் போனதாக ஒருவர் சொன்னார், விருதுநகர் என்று இன்னொருவர் சொன்னார். சைக்கிள் கடை இருந்த இடத்தில் டீக்கடை வந்தது. நான் அவளை மறுபடி பார்க்கவேயில்லை. அவளுக்குப் பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.

இங்கே எங்கள் வீட்டுக்கும் எமிலி வீட்டுக்கும் ஒரே சுவர். பலகைச் சுவர், தட்டினால் பெட்டிபோலச் சத்தம் வரும். கிரகணம் கழிந்து கொஞ்ச நாளில் ஒரு பகல் நேரம். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் முனகல் கேட்டது. எந்த ஊராக இருந்தால் என்ன, அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? விட்டுவிட்டு வந்தது, ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிதாக. இங்கெல்லாம் வலி நன்றாக நெருங்கிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்வார்களாம். நான் யோசிக்கவில்லை. கரண்டிக் காம்பால் சுவரில் இரண்டு தட்டுத் தட்டினேன். சத்தம் நின்றது. மறுபடி தட்டினேன்.

வாசல் மணி அடித்தது. எமிலியின் புருஷன் நின்றார். முகமெல்லாம் வியர்வை. “சாரி, சாரி” என்று நெஞ்சில் கை வைத்து என்னென்னவோ சொன்னார். சத்தம் தொந்தரவாக இருக்கிறது என்று நான் சுவரைத் தட்டியதாக நினைத்து மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறார் என்பது எனக்கு மெதுவாகத்தான் புரிந்தது. “நோ சாரி, நோ சாரி” என்றேன். வேறு வார்த்தை என்னிடம் இல்லை. அவர் இன்னும் அதிகமாகக் கும்பிடுவதுபோலக் குனிந்து, அடி மேல் அடி வைத்துத் திரும்பிப் போனார். அதன் பிறகு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சுவரில் காதை வைத்தேன். துணியைக் கடித்துக்கொண்டு அடக்குகிற மூச்சு மட்டும் கேட்டது. என்னால்தான் அந்தப் பெண் தன் வலியை விழுங்கிக்கொண்டிருந்தாள். கத்து தாயி, நல்லாக் கத்து என்று சொல்ல எனக்கு அவள் பாஷை தெரியவில்லை. தட்டவும் பயமாக இருந்தது. உள்ளங்கையைச் சுவரில் வைத்தபடி நின்றேன். கொஞ்ச நேரத்தில் கார் கிளம்பிப் போயிற்று. ஆளில்லாத அந்தப் பக்கத்துக்கு நான் இரண்டு தட்டுத் தட்டினேன். குளிருக்குச் சூடேற்றிய வீட்டின் வழுவழுப்பான சுவர். இருந்தும் என் விரல், உதிர்கிற மண்ணைத் தேடியது.

எமிலிக்குப் பையன் பிறந்து நன்றாக இருக்கிறான். மகனை அனுப்பி விவரத்தைச் சொல்லச் சொன்னேன். அவள் கேட்டு அழுதாள் என்றான். இப்போது சில சமயம் அந்தப் பக்கமிருந்து இரண்டு தட்டு வருகிறது. நானும் தட்டுகிறேன். ஆனால் எனக்கு வேண்டிய தட்டு அது மட்டும் இல்லை.

பந்தல்குடி, திருச்சுழி, பாலவனத்தம் பக்கத்து ஆட்கள் யாராவது இதைப் படித்தால் எனக்காகச் சரிபார்த்துச் சொல்ல வேண்டும். அந்தக் கிரகணம் எந்த வருஷம், மாசிதானா என்று பார்க்க வேண்டும். சைக்கிள் கடைக்காரர் பெண்சாதி அற்புதம் எங்கே இருக்கிறாள், அந்தப் பிள்ளைக்கு என்ன பெயர் என்றும் விசாரிக்க வேண்டும். அவளைக் கண்டால் இன்னொன்றும் கேளுங்கள். உலக்கை அவள் கால் பட்டு விழுந்ததா, சேலை தட்டி விழுந்ததா? இடுக்கு வழியாகப் பார்த்தவள் நான், கால் என்றுதான் எழுதியிருக்கிறேன். தப்பாக இருந்தால் அவள் சொல்கிறபடி திருத்திவிடுங்கள்.