தம்பியின் கொலஸ்ட்ரால் குறைந்தபோது

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாதத்துக் காலையில், விழுப்புரத்தில் ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் இது நடந்தது. கல்லூரிப் பணியிலிருந்து ஓய்வுபெற்று நான் திண்டிவனத்தில் வசிக்கிறேன். என் தம்பி ஒலக்கூர் பக்கம் எங்கள் நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பயிரிட்டு வந்தான். நெடுநாள் சர்க்கரை நோயாளி. மதுவைத் தொட்டதே இல்லை.

கால் வீக்கத்துக்காகத்தான் அவனை அழைத்துச் சென்றேன். அவனுக்கோ அது பொருட்டாகவே இல்லை. முன்பு ஏறிக் கிடந்த கொலஸ்ட்ரால் ஒவ்வொரு பரிசோதனையிலும் இறங்கிக்கொண்டே வந்ததில் அவனுக்கு அப்படியொரு பெருமிதம். எண்ணெயை ஒதுக்கிக் கேப்பைக் கூழுக்கு மாறியதன் பலன் என்று நம்பினான். நானும் நம்பினேன். அன்றைய பரிசோதனை முடிவில் அது இன்னும் இறங்கியிருந்தது.

"பாத்தியாண்ணா? தெனம் வாக்கிங் போய்க்கினு கீறியே, உனக்கு இந்த மாரி வருமா?" என்று சீண்டினான்.

பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருவர், தானும் கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிடுவதாகச் சொல்லி, "இன்னாங்க சாப்டுறீங்க?" என்று ஆவலோடு கேட்டார்.

"கூழுதாம்மா. மாத்திரய தூக்கிப் போட்டுட்டு கூழு குடிங்க, தானா எறங்கும்."

ஸ்கேன் முடிந்ததும் மருத்துவர் என்னை மட்டும் உள்ளே அழைத்தார். கல்லீரல் சுருங்கி, கரடுமுரடாகிவிட்டது. சிரோசிஸ், அதுவும் முற்றிய நிலை; குடிக்காதவர்களுக்கும் நெடுநாள் சர்க்கரை நோயோடு கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து இப்படி ஆகலாம் என்றார். கொலஸ்ட்ராலைப் பற்றி நான்தான் கேட்டேன். உடலின் கொலஸ்ட்ராலில் பெரும்பங்கைத் தயாரிப்பது கல்லீரலே. அதற்குச் சக்தி குறையக் குறைய இரத்தத்திலும் அளவு குறையும். இவருடைய நிலையில் இதை நல்ல செய்தியாகக் கொள்ள முடியாது என்று பொறுமையாக விளக்கினார்.

வெளியே வந்தேன். "இன்னா சொன்னாரு? கொலஸ்ட்ரால பாத்து அசந்துட்டாரா?" என்றான்.

மறைத்துவிடத்தான் நினைத்தேன், முடியவில்லை. சொன்னேன். அவன் தன் வீங்கிய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ கூழால எறங்கலியா?"

"இல்லடா."

"ஈரலு கெட்டுப்போயிதான் எறங்குச்சா?"

"ஆமா."

அழுவான், அல்லது எத்தனை நாள் என்று கேட்பான் என எதிர்பார்த்தேன். அவன் சட்டென்று எழுந்து கூடத்தைச் சுற்றிலும் தேடினான். அந்த அம்மாள் அங்கே இல்லை. அந்தக் கால்களோடு அவன் அவ்வளவு வேகமாக நடந்ததை அதற்குமுன் நான் கண்டதில்லை. வாசலில் அவர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்.

"எம்மா, ஒரு நிமிசம். நான் சொன்னத கேக்காதீங்க. மாத்திரய நிறுத்தாதீங்க. எனக்கு எறங்குனது நோவால. இப்பதான் தெரிஞ்சுது."

"ஐயோ, உங்களுக்கு இன்னாங்க?"

"அத எங்கண்ணன் பாத்துக்குவாரு. நீங்க மாத்திரய போட்டுக்கினே இருங்க."

ஆட்டோ திரும்பி மறைந்த பிறகே அவன் வாசற்கதவைப் பற்றிக்கொண்டான். "அண்ணா, செத்த உக்காரணும்" என்றான்.

அடுத்த பொங்கலுக்கு அவன் இல்லை. இறுதி நாட்களில் அவன் பட்ட வேதனையை இங்கே எழுத விரும்பவில்லை. தன் முடிவை அறிந்த அந்த நிமிடத்தில், பெயர் தெரியாத ஒருவருக்குத் தன் சொல்லால் தீங்கு வந்துவிடக் கூடாதே என்றுதான் அவன் எழுந்து நடந்தான். அத்தகைய செய்தி எனக்கு வரும் நாளில் எனக்கு யாருடைய நினைவு வரும் என்பதை இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.