இரண்டு செட்

பாட்டுகளை சி.டி.யில் போட்டு விற்ற காலம் அது. என் அக்கா கணவரின் ராக் குழு, தாங்களே எழுதிய ஆங்கிலப் பாட்டுகளைப் பதிவு செய்யக் கிளம்பியது. பாடுபவர் அத்தான், அறுபத்து மூன்று வயது. டிரம்ஸ் வாசிக்கும் ரஹீம் பாய் அவரைவிட மூத்தவர். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று நினைத்துக்கொண்டேதான், விஷ்ராந்த்வாடி வீட்டிலிருந்து ஸ்டூடியோவுக்கு அவர்களைக் காரில் அழைத்துப் போனேன்.

முதல் பாட்டிலேயே சிக்கல். 'எஸ்' வரும் இடமெல்லாம் மெல்லிய விசில் சத்தம் பதிவானது. மைக்கை மாற்றிப் பார்த்த ஒலிப்பதிவாளர், கடைசியில் தயங்கியபடி அத்தானிடம் இந்தியில் கேட்டார்: "சார், பல் செட்டா?"

வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாத விஷயம் அது. அத்தான் ஹெட்போனைக் கழற்றி வைத்தார்.

"பாய், வேற ஆளைப் பாட வெச்சுக்குங்க. நான் கிளம்பறேன்."

ரஹீம் பாய் டிரம் செட்டை விட்டு எழுந்து வந்தார். தன் மேல்வரிசைப் பற்களைக் கழற்றி, தண்ணீர் டம்ளரில் போட்டார்.

"எங்கிட்ட ரெண்டு செட் இருக்குய்யா," என்றார் பொக்கை வாயால். "ஒண்ணு அடிக்க, ஒண்ணு கடிக்க. பாட்டுக்கு எதுக்குக் கடிக்கிற செட்டு? கழட்டு."

அத்தான் சிரித்துவிட்டார். சுவர்ப்பக்கம் திரும்பிக் கழற்றினார். விசில் போனது. சில சொற்கள் குழைந்தன, அப்படியே விட்டுவிட்டார்கள்.

இந்த வயதில் தேவையா என்ற கேள்வி பிறகு எனக்கு வரவில்லை. அவர்களின் வெளியூர்க் கச்சேரிகளுக்கும் நானே கார் ஓட்டினேன். மேடையேறும் முன் இருவரும் ஆளுக்கொரு டப்பாவை என்னிடம் நீட்டுவார்கள். மாறிவிடக் கூடாதென்று மூடியில் பெயர் எழுதி வைத்திருக்கிறேன்.