தோளில் கிடந்த கயிறு

அட்டன் பழம்பொருள் கூடத்தில் ஒரு ஞாயிறு, யார் வேண்டுமானாலும் வந்து கலந்துகொள்ளலாம் என்று படம் வரையும் போட்டி அறிவித்திருந்தோம். நடுவர் வேலை, பள்ளிக்கூட வாத்தியாரான என் தலையில் விழுந்தது. விதிகளை எழுதி ஒட்டியதும் நான்தான்.

வந்தவர்களில் ஒருவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். ஒல்லியான உடம்பு. கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி முன்னுச்சியில் முடி தேய்ந்திருந்தது. பேசுமுன் அந்த இடத்தை உள்ளங்கையால் ஒருமுறை தடவிக்கொள்வார். அங்கே முதுகில் கூடையோடு நிறுத்தியிருந்த ஆளுயரக் கொழுந்துக்காரி பொம்மையை விட்டு அவர் நகரவே இல்லை.

"கயித்த தலையில மாட்டணும், மாஸ்டர். தோள்ல கெடந்தா கை எப்பிடி ஓடும்?"

மாற்றப் போனவரைக் காவல்காரர் தடுத்தார். பொருள்களைத் தொடக்கூடாது என்பது விதி. அவர் தாள் வாங்கி, தலையில் கயிறோடு ஒருத்தியை வரைந்து நீட்டினார். கூடத்தில் இருப்பதை இருப்பதுபோலவே வரையவேண்டும் என்றேன். அதுவும் விதி.

"அப்ப பொம்மைய எடுத்துட்டு என்னைய நிக்க வைங்க" என்றார். சிரிக்கவில்லை.

எரிச்சலோடு அடுத்த தாளை எடுத்தேன். முதல் பரிசு வாங்கிய படத்தில் கயிறு தோளில்தான் கிடந்தது. 'அச்சு அசல்' என்று அதன் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நான்.