எறும்பாகிப் போன பறவை

எமெரித்தா கபஹுக் 1941-இல் பிலிப்பைன்ஸின் செபு தீவிலுள்ள கார்கார் என்ற ஊரில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர். ஊர்த் திருவிழா நாடகத்தில் மூர் என்னும் முஸ்லிம் இளவரசியாக மரக்கத்தி வீசியதுதான் அவருடைய முதல் மேடை. பிறகு செபு நகரத்துக் கல்லூரி ஒன்றில் நாடகப் பேராசிரியை ஆனார். எழுதிய நாடகங்கள் எல்லாம் அந்தத் தீவு மக்கள் பேசும் பிசாயா மொழியில். பலவற்றில் அவரே நடித்தார், பெரும்பாலும் கிழவி வேடம். முப்பது வயதிலேயே அவருக்குக் கிழவி நடை வாய்த்துவிட்டது.

1983-இல் பிசாயா நாடகத்துக்கென்று தனிப் பாடம் தொடங்க அனுமதி கேட்டார். துறைத் தலைவர் பக்கானா இழுத்தடித்தார். அப்போது மனிலா நாடக விழாவுக்கு எமெரித்தாவின் நாடகம் ஒன்று தேர்வாகியிருந்தது. மனிலாவில் பேசும் தகலாக் மொழியில் போட வேண்டும் என்பது விழாக்காரர்களின் நிபந்தனை. பக்கானா அதைப் பிடித்துக்கொண்டார்.

"மனிலாக்காரன் கைதட்டட்டும் எமெரித்தா, உன் பாடத்துக்குக் கையெழுத்துப் போடுறேன். சிரிச்சிட்டான்னா இந்தப் பேச்சை விட்டுடணும்."

எமெரித்தா தாமே மொழிபெயர்த்தார். நாடகத்தில், கடலுக்குப் போன மகன் திரும்பவில்லை. கடைசிக் காட்சியில் ஜன்னலுக்கு ஒரு பறவை வருகிறது. அதுதான் தன் மகன் என்கிறாள் தாய். தாய் வேடம் எமெரித்தாவுக்கு. பிசாயாவில் பறவைக்கு லங்கம் என்று பெயர். தகலாகிலும் லங்கம் உண்டு, ஆனால் அது எறும்பு. இயக்குநர் அன்செல்மோ தகலாக் பேசும் பத்தாங்காஸ் பகுதிக்காரர். ஒத்திகையில் அதைச் சொல்லியே சீண்டினார்.

"மறந்துபோய் எறும்பை வரவெச்சிடாதீங்க அக்கா. ஜனங்க சர்க்கரை டப்பாவை மூட ஓடுவாங்க."

தனக்கு இரண்டு மொழியும் தெரியும் என்று எமெரித்தா அவர் வாயை அடைத்தார்.

முதல் நாள் அரங்கு நிறைந்திருந்தது. கடைசிக் காட்சியில் அவருக்கு உண்மையாகவே அழுகை வந்தது. அழும்போது நாக்கு தன் மொழிக்குப் போய்விட்டது. மகன் லங்கமாக வீடு திரும்பிவிட்டான் என்றார். முன்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார். பிறகு அரங்கமே சிரித்தது.

என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்தது. மேடையில் வேறு யாரும் இல்லை. பக்கவாட்டில் அன்செல்மோ திரைக்கயிற்றைப் பிடித்துவிட்டார். பாடம் போயிற்று என்று எமெரித்தா நினைத்தார். நினைத்தபடியே வானத்திலிருந்து பார்வையை இறக்கி, ஜன்னல் கட்டையில் எதையோ தேடினார். குனிந்து ஒரு விரலை வைத்து, ஏதோ ஏறட்டும் என்பதுபோல் காத்திருந்தார். பிறகு விரலை முகத்தருகே கொண்டுவந்தார்.

"இத்தனூண்டு ஆயிட்டியாப்பா? கடல் உன்னை இப்படியா தேய்ச்சுது?"

சிரிப்பு பின்வரிசையிலிருந்து அடங்கிக்கொண்டே வந்தது. திரை விழுந்தபின் நெடுநேரம் கைதட்டினார்கள். செய்தித்தாள் எறும்பைப் புகழ்ந்து எழுதியது. மறுநாளும் எறும்பே வரட்டும் என்று அன்செல்மோ கெஞ்சினார். எமெரித்தா மறுத்து, சரியான தகலாக் சொல்லால் பறவையையே வரவழைத்தார். அன்றைக்குக் கைதட்டல் சுமார்தான்.

ஊர் திரும்பியதும் பக்கானாவின் அறைக்குப் போனார். பக்கானா செய்தித்தாளைப் படித்துவிட்டு, நல்ல கற்பனை என்று பாராட்டினார். கற்பனை இல்லை, வாய் தவறியது என்று எமெரித்தா சொன்னார்.

"அப்ப சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

"கைதட்டினாங்களா?"

"அதுவும்தான்."

பக்கானா பேனாவைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். ஓராண்டுக்குச் சோதனையாக நடத்தலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த ஓராண்டு முடிந்ததா என்று பிறகு யாரும் கேட்கவில்லை. 2006-இல் ஓய்வு பெறும்வரை எமெரித்தா அந்தப் பாடத்தை நடத்தினார்.