ஆறு கேள்விகளும் பாவித்த ஒரு சுங்கானும்

நடந்தவை, வரிசைப்படி:

1. எனக்குப் பேசியிருந்த பதுளை மாப்பிள்ளை, விலை குறைந்த ஒரு சுங்கான், அதாவது புகைக்கும் பைப், கண்டியில் வாங்கி அனுப்ப முடியுமா என்று கேட்டு எழுதினார்.
2. கடைக்காரர் அவரைப் பற்றி ஆறு கேள்விகள் கேட்டார். ஒன்றுக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை.
3. அந்த ஆறையும் எழுதி, அவருடைய வீட்டு விலாசத்துக்கு அனுப்பினேன்.
4. கடிதத்தை அவருடைய அக்கா பிரித்தார்.
5. மாப்பிள்ளை புகைப்பது அதுவரை அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

மூன்றாவது என் தவறு. அதற்குக் காரணம் இருந்தது, பிறகு சொல்கிறேன்.

நான் கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். பகல் முழுவதும் நுணுக்குக்காட்டி, சளி, இரத்தம். மாலையில் கையெழுத்திட வேண்டிய அறிக்கைகள். தங்குவது கட்டுகஸ்தோட்டையில், ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டில் வாடகைக்கு எடுத்த முன்னறையில். இரண்டு அரசாங்கங்களும் மலையகத் தமிழரைப் பங்கிட்டதில், என் அம்மாவுக்கும் தங்கைக்கும் இந்தியப் பாஸ்போட் வந்தது. எனக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை வந்தது. அவர்கள் தலைமன்னாரில் கப்பலேறிப் போய் நாலு வருடமாகியிருந்தது. அப்பா அதற்கு முன்பே இல்லை. சனிக்கிழமை மத்தியானம் ஆய்வுகூடத்தைப் பூட்டினால், திங்கட்கிழமை காலை எட்டு மணி வரை என் பெயரைச் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தச் சம்பந்தம் அமைய வேண்டும் என்று நான் எவ்வளவு விரும்பினேன் என்பதைச் சொல்ல, இதையும் சொல்லத்தான் வேண்டும்.

சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் மாத்தளையில் இருக்கும் சித்தப்பா. மாப்பிள்ளை பதுளையில் ஓர் அரசாங்கக் கந்தோரில் எழுதுவினைஞர். பெற்றோர் இல்லை, அக்காவும் அத்தானும் கடை வைத்திருக்கிறார்கள், அவர்களோடுதான் இருக்கிறார். சித்தப்பா வீட்டில் ஒரு தடவை பார்த்தோம். நாற்பது நிமிடம். நான் எதிர்ச் சுவரில் இருந்த கலண்டரைப் பார்த்தேன். அவரும் அதையே பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு கடிதங்கள் எழுதலாம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். முதல் மூன்று கடிதங்களில் பதுளை மழை, ரயில் தாமதம், கந்தோர் இடமாற்றம். நாலாவதில் கடைசிப் பந்தி இப்படி இருந்தது:

"சிகரெட் விலை கட்டுப்படியாகவில்லை. பைப் பழகலாம் என்றிருக்கிறேன். இங்கே கிடைக்காது. புதிதாகத் தொடங்குபவனுக்குப் போதுமான ஒன்று, மலிவாகக் கிடைத்தால் நல்லது. உங்களுக்குச் சிரமமில்லை என்றால் மட்டும்."

எனக்குச் சிரமமே இல்லை. இன்னொருவருக்காகக் கடைக்குப் போய் எவ்வளவோ காலமாகியிருந்தது. அந்தச் சனிக்கிழமையே போனேன்.

கண்டி நகரில், திருகோணமலை வீதியில் ஒரு பழைய சாமான் கடை. தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரைமார் விட்டுப்போன கதிரைகள், பீங்கான்கள், தொப்பிகள் எல்லாம் அங்கே வந்து சேர்ந்திருந்தன. கடைக்காரர் மடவளையைச் சேர்ந்த முஸ்லிம், ஐம்பது வயதிருக்கும்.

"பைப்பா? யாருக்கு தங்கச்சி, வாப்பாவுக்கா?"

"இல்ல நானா. வேற ஒருத்தருக்கு."

"வேற ஒருத்தருக்கு." மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். "சரி. அந்த வேற ஒருத்தருக்கு கை பெரிசா, சின்னதா?"

தெரியவில்லை என்றேன்.

"பல்லால கடிச்சுக்கிட்டே வேலை பாக்கிற மனுசனா, கையிலயே வச்சிருப்பாரா?"

"இன்னும் தொடங்கவே இல்ல நானா."

"சிகரெட் குடிக்கிறவர்தானே? வேகமா இழுப்பாரா, ஆறுதலாவா? நடந்துக்கிட்டா, குந்திக்கிட்டா? பல்லு சொந்தப் பல்லா, கட்டின பல்லா?"

நான் கைப்பையிலிருந்து கொப்பியை எடுத்து எழுதத் தொடங்கினேன். அவர் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, இந்த மனுசன நீங்க கண்டீக்கீங்களா?"

"ஒரு தடவ."

"அப்ப நல்லாப் பாத்திருக்கலாமே."

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் அவரிடம் காரணம் இருந்தது. சிகரெட் பழகியவர்கள் அவசரமாக இழுப்பார்கள். மரம் மெல்லியதாக இருந்தால் கையும் சுடும், நாக்கும் சுடும். கட்டின பல் பாரம் தாங்காது. கடித்துப் பிடிக்கிறவருக்கு நீளமானது சரிவராது. பிறகு மூன்று சுங்கான்களை எடுத்து மேசையில் வைத்தார்.

ஒன்று புதியது, உள்ளூரில் கடைந்தது, பளபளப்பான சிவப்பு வர்ணம். மூன்றிலும் அதுதான் பார்வைக்கு அழகு; நான் அதைத்தான் கையிலெடுத்தேன். அவர் நகத்தால் ஓரிடத்தில் சுரண்டிக் காட்டினார். வர்ணத்துக்குக் கீழே மரத்தில் குழி, குழியில் ஏதோ பசை. "சூடு பட்டா இது கொப்பளிக்கும். முதல் கிழமையிலயே மனுசன் விட்டுடுவார்." இரண்டாவது, வளைந்த பெரிய சுங்கான், நல்ல மரம், கழுத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. மூன்றாவது சிறியது, நேரானது, கறுத்துப்போனது. அதன் வாய்த்துண்டில் யாரோ ஒரு துரையின் பல் தடம் வலப்பக்கமாகப் பதிந்திருந்தது. கடைக்காரர் ஓர் ஈர்க்கை வாய்த்துண்டுக்குள் விட்டார். அது புகையிலைக் கிண்ணத்தின் அடியில், சரியாக நடுவில் வந்து எட்டிப் பார்த்தது. "இதத்தான் பாக்கணும். ஓட்டை மேல வந்தா அடியில புகையிலை நனைஞ்சு கிடக்கும், குடிக்கக் குடிக்க அணையும். பாவிச்ச சாமான்தான். ஆனா மத்த ரெண்டையும் விட இது நல்லது. வெலையும் கொறைவு. இன்னொருத்தர் வாயில வச்சது பரவாயில்லையான்னு கேட்டுட்டு வாங்க."

அது ஆறாவது கேள்வி. நாள் முழுவதும் ஊராரின் சளியைக் கையாளுகிறவள் நான். இருந்தும் அந்த வாய்த்துண்டைத் தொட என் விரல் தயங்கியது. எச்சில் என்பது ஆய்வுகூடத்தில் ஒன்று, வெளியில் வேறொன்று.

அன்றே எழுதினேன். அவர் கடிதங்களின் பின்னால் எப்போதும் கந்தோர் விலாசம்தான் இருக்கும். ஆனால் ஒருவரின் பற்களைப் பற்றிய கேள்வி பத்துப் பேர் இருக்கும் மேசையில் பிரிக்கப்படக் கூடாது என்று நினைத்தேன். எங்கள் வேலையில் ஒருவரின் உடம்பைப் பற்றிய தகவல் அவர் கைக்கு மட்டும் போக வேண்டும். ஆகவே சித்தப்பா தந்த வீட்டு விலாசத்தை எழுதினேன். கடிதத்துக்குள் அவர் பெயர் போடாமல் "அன்புடையீர்" என்று தொடங்கி, சுங்கான் வாங்கத் தேவையான விவரங்கள் என்று தலைப்பிட்டு, ஒன்று முதல் ஆறு வரை.

பதினோராம் நாள் சித்தி மாத்தளையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். ஆய்வுகூட வாசலிலேயே தொடங்கிவிட்டார்.

"பல்லு சொந்தப் பல்லான்னு கேட்டியாமே. மாடா பிடிக்கப் போற?"

"பைப்புக்குக் கேட்டேன் சித்தி."

"அவங்க வீட்டுல ஊதுபத்திப் பொகைய விட்டா வேற பொகையே கெடையாதாம். நீ என்னடான்னா லிஸ்ட் போட்டு அனுப்பியிருக்க."

மாப்பிள்ளையின் அக்கா சித்தப்பாவுக்கு எழுதிய கடிதத்தைச் சித்தி நீட்டினார். சுத்தமான கையெழுத்தில் இப்படி இருந்தது: எங்கள் தம்பிக்கு முப்பத்திரண்டு பற்களும் இருக்கின்றன. புகைக்கும் பழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. உங்கள் பிள்ளை வேறு யாருக்கோ எழுதிய கடிதம் தவறி எங்களுக்கு வந்திருக்கிறதோ என்று எண்ண வேண்டியிருக்கிறது. அந்தக் கடைசி வரி என் நடத்தையைப் பற்றியது என்பது சித்திக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது.

அப்போதுதான் விளங்கியது: தன் வீட்டுக்குத் தெரியாத ஒன்றை மாப்பிள்ளை எனக்குச் சொல்லியிருக்கிறார். நான் அதை ஒரு கடைச் சாமான் வேண்டுகோளாக மட்டும் வாசித்திருக்கிறேன்.

இரண்டு நாள் கழித்து அவருடைய கடிதம் வந்தது. இரண்டு தாள்கள். முதல் தாளில், தான் புகைப்பதில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தார். "சுங்கான் உங்கள் சித்தப்பாவுக்கு என்றும், கேள்விகளை அவருக்கு அனுப்பும்போது உறை மாறிவிட்டது என்றும் அக்காவுக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆவணியில் கல்யாணப் பதிவு வைக்கலாம் என்கிறார்கள்."

இரண்டாம் தாளில் ஆறு கேள்விகளுக்கும் பதில் இருந்தது. இலக்கமிட்டு.

கை சிறியது. கடித்துத்தான் பிடிப்பேன் என்று நினைக்கிறேன், பென்சிலை அப்படித்தான் செய்கிறேன். வேகமாக இழுப்பேன், கந்தோரின் பின்படியில் யாரும் வருவதற்கு முன் முடிக்க வேண்டும். இதுவரை நின்றுகொண்டுதான், உட்கார்ந்து புகைக்க ஆசை. சொந்தப் பல், ஆனால் வலப்பக்கக் கடைவாயில் இரண்டு இல்லை. பதினெட்டு வயதில் தனியாகப் போய்ப் பிடுங்கிக்கொண்டேன், அக்காவுக்குத் தெரியாது. ஆறாவதற்கு: நீங்கள் கழுவித் தந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அந்தத் தாளை எத்தனை தடவை வாசித்தேன் என்று நான் எண்ணவில்லை. நாற்பது நிமிடத்திலும் நாலு கடிதத்திலும் வராத ஒரு மனிதர் அந்தப் பக்கத்தில் இருந்தார்.

சித்தி மறுபடி வந்தபோது முதல் தாளை மட்டும் காட்டினேன். "எழுதிட்டுப் போயேன்டி," என்றார். "ஒரு வரிதானே. ஒங்க சித்தப்பா வெத்தலையோட பைப்பும் குடிச்சாருன்னு இருந்துட்டுப் போகட்டும். ஆவணிக்கு நீ அந்த வீட்டுல இருப்ப. இந்த ஒத்த ரூமுல இன்னும் எத்தன வருசம் சோறாக்கித் தின்னப் போற?"

சித்தி சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அந்த வரியை எழுதினேன். உறையிலிட்டு, முத்திரை ஒட்டி, இரண்டு நாள் கைப்பையில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வந்தேன். தபால் கந்தோர் வழியில்தான் இருக்கிறது.

எங்கள் ஆய்வுகூடத்துக்குப் பெயரெழுதாத போத்தலில் சளியோ இரத்தமோ வந்தால், அதில் என்ன இருந்தாலும் பரிசோதிக்க மாட்டோம்; கொட்டிவிடுவோம். அந்த வரியைத் தபாலில் போட்டால் இரண்டாம் தாள் அப்படி ஆகிவிடும் என்று பட்டது. அந்த வரிப்படி, இரண்டு பல் இல்லாதவர், பின்படியில் நிற்பவர், உட்கார ஆசைப்படுபவர் யாரும் இல்லை, சித்தப்பாதான் இருக்கிறார். ஆவணிக்குப் பிறகு மாப்பிள்ளை அந்த வீட்டிலும் ஒரு பின்படியைத் தேடுவார். யாரும் வருகிறார்களா என்று பார்த்துச் சொல்வது என் வேலையாக இருக்கும். எனக்குத் துணை வேண்டியிருந்தது. அந்த வேலை வேண்டியிருக்கவில்லை.

உறையைக் கிழித்துவிட்டுக் கடைக்குப் போனேன்.

"கேட்டீங்களா தங்கச்சி? பல்லு ஈக்குதா?"

"ரெண்டு இல்ல நானா. வலது பக்கம்."

"அப்ப இடது பக்கம் கடிப்பார். இதுல தடம் வலது பக்கம்தான் விழுந்தீக்கு. நல்லதாப் போச்சு." சிறிய, நேரான அந்தச் சுங்கானைப் பழைய சிங்களப் பத்திரிகையில் சுற்றித் தந்தார். உள்ளேயிருக்கும் கரியை முழுக்கச் சுரண்டக் கூடாது, ஒரு தாள் கனத்துக்கு விட வேண்டும் என்றார்.

அறையில் வைத்துக் கழுவினேன். மெல்லிய தூரிகையை ஸ்பிரிட்டில் தோய்த்துக் குழாய்க்குள் விட்டு இழுக்க, முதலில் கறுப்பாகவும், பிறகு தேநீர் நிறமாகவும், பத்தாவது தடவையில் நிறமில்லாமலும் வந்தது. மூன்று நாள் காய வைத்தேன். அந்த மூன்று நாளும் அறைக்குள் யாரோ இருந்துவிட்டு இப்போதுதான் வெளியே போனது போல ஒரு வாசம். கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு விநாடி நின்றுதான் உள்ளே போனேன்.

பதிவுத் தபாலில், இந்தத் தடவை கந்தோர் விலாசத்துக்கு அனுப்பினேன். உள்ளே ஒரு துண்டு: முதல் வாரம் பாதி மட்டும் நிரப்பவும், மெதுவாக இழுக்கவும், சூடானால் கீழே வைத்து ஆறவிடவும், உட்கார்ந்து புகைக்கவும். அதன் கீழே, அக்காவுக்கு அந்த வரியை என்னால் எழுத முடியாது என்றும், நீங்களே அவரிடம் சொன்னால் ஆவணிக்கு நான் வருவேன் என்றும் எழுதினேன்.

ஒரு மாதத்தில் பதுளையிலிருந்து சித்தப்பாவுக்குத் தகவல் வந்தது. ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் ஏதோ சரிவரவில்லையாம்.

பார்சல் சேர்ந்ததற்கான அட்டை அவருடைய கையெழுத்தோடு எனக்குத் திரும்பி வந்தது. கடிதம் வரவில்லை. அவர் அந்தச் சுங்கானைப் பாவிக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. கேட்டு எழுதவும் இல்லை. கடைக்காரர் ஒரு தடவை விசாரித்தார், அனுப்பிவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். சித்தப்பாவுக்கு என்மேல் வருத்தம். சித்தி மட்டும் வந்து போகிறார். நான் அதே அறையில்தான் இருக்கிறேன். இந்த வருடம் எனக்கு முப்பத்தொன்று. இப்போதைக்குச் சம்பந்தம் எதுவும் பேச்சில் இல்லை.